உப்பில்லாத தண்ணீர், அமில மண்: நீலகிரி பார்லி மணியில் துத்தநாகம் ஏற்றுவது எப்படி

பார்லிக்குப் பாசன நீரும் துத்தநாகமும் என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா, ஈரான் போன்ற வறண்ட பகுதிகளை வைத்து எழுதியவை. அங்கே கிணற்று நீர் உப்பு, மண்ணில் சுண்ணாம்பு, பி.எச். (அமில-கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8க்கு மேல். அந்த அறிவுரையை அப்படியே ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ கொண்டுவந்தால் காசும் போகும், மண்ணும் கெடும். இங்கே எல்லாம் தலைகீழ். ஊற்று நீரில் உப்பே இல்லை. மண்ணோ அமிலம், பல இடங்களில் பி.எச். 4.5 முதல் 5.5. துத்தநாகக் குறை இங்கேயும் வரும். ஆனால் வரும் வழி வேறு, தீர்க்கும் வழியும் வேறு.

பார்லி நீலகிரிக்குப் புதிய பயிர் இல்லை. படுகர் ஊர்களில் சாமை, கொறலி என்ற சிறுதானியங்களோடு சேர்த்து விளைவித்த தானியம்தான் இது. அவர்கள் மொழியில் இதன் பெயர் கஞ்செ. பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் தேயிலையும் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டன. இப்போது சிலர் மறுபடி பார்லி பக்கம் திரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. தானியப் பயிர்களில் அது பெருகாது. ஒரு போகம் பார்லி வைத்தால் புழுவுக்கு அந்தப் போகம் பட்டினி.

முதலில் தண்ணீர். நீரில் கரைந்த உப்பின் அளவை இ.சி. என்று டெசிசீமன்ஸில் சொல்வார்கள். மண்ணின் உப்பு இ.சி. 8 வரை போனாலும் பார்லி மகசூல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 5 சதவீதம் குறையும். கேரட்டுக்கு இதே எல்லை 1.0, அதைத் தாண்டினால் அலகுக்கு 14 சதவீதம் போகும். உருளைக்கிழங்குக்கு 1.7, போவது 12 சதவீதம். ஒரு வயலில் மண் இ.சி. 3 என்றால் கேரட்டில் கால் பங்குக்கு மேல் நஷ்டம், உருளையில் ஆறில் ஒரு பங்கு, பார்லியில் ஒன்றும் இல்லை. முளைக்கும் நாட்களில் மட்டும் பார்லியும் பொறுக்காது. அப்போது 4 முதல் 5க்குள் இருக்க வேண்டும். நீலகிரி ஓடை, ஊற்று நீரின் இ.சி. பெரும்பாலும் 0.3ஐத் தாண்டுவதில்லை. ஆக, உப்பைப் பற்றி இங்கே கவலைப்பட வேண்டிய பயிர் பார்லி இல்லை.

ஆனால் உப்பு குறைவு என்றாலே நல்ல தண்ணீர் என்று முடித்துவிடக் கூடாது. இ.சி. 0.2க்குக் கீழே உள்ள மிக மெல்லிய நீர், மண் கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போகும். மேல்மண் உடைந்து நைந்து, காய்ந்ததும் ஓடு கட்டும். மட்கு நிறைந்த செம்மண்ணில் இது அவ்வளவாகத் தெரியாது. வருடக்கணக்கில் தோண்டித் தோண்டி மட்கு போன சரிவு வயலில், தெளிப்பு நீர்க் குழாய் வேகமாக அடித்தால் மூன்றாம் நாளே ஓடு தெரியும். பார்லி முளை அதை முட்டிக்கொண்டு மேலே வரத் திணறும். விதைத்த பிறகு முதல் தண்ணீரை நுண்ணிய துளியாக, மெதுவாக, இரண்டு தவணையாகக் கொடுத்தால் போதும். ஏக்கருக்கு இரண்டு டன் மட்கிய சாணம் இருந்தால் இந்தப் பிரச்சினையே பாதி தீரும்.

நீலகிரியில் தண்ணீரால் வரும் உண்மையான கெடுதல் ஊர்க் கழிவு. ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் நகரத்துக் கழிவைச் சுமந்து ஏரியில் சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்தது. நகரத்தை ஒட்டி ஓடும் ஓடைகள் பலவற்றுக்கும் கோடைக்கு முன் இதே கதிதான். அந்த நீரில் இருப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், சோப்பு சோடியம், கிருமி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நான்கு தடவை பாய்ச்சினால், ஒரு ஹெக்டேருக்கு 2000 கன மீட்டர் நீர், 60 கிலோ நைட்ரஜன். பார்லிக்கு ஒரு போகத்துக்குத் தேவையான முழு நைட்ரஜனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் மேல் யூரியாவும் போட்டால் பயிர் கருகருவென்று வளர்ந்து, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி நிரம்பாது, பொக்கு அதிகம். மால்ட்டுக்கு (முளைகட்டிக் காய வைத்த பார்லி) விற்க நினைப்பவர்களுக்கு இன்னொரு அடி: மணியில் புரதம் ஒன்பது முதல் பதினொன்றரை சதவீதத்துக்குள் வேண்டும், இந்த நீர் அதைத் தாண்ட வைக்கும். ஆகவே கழிவு கலந்த நீர்தான் வழி என்றால், அதன் நைட்ரஜனை அளந்து யூரியாவில் கழித்துக்கொள்ளுங்கள். தெளிப்பான் வேண்டாம், வாய்க்காலில் விடுங்கள். பால் பிடித்த பிறகு அந்த நீரை நிறுத்திவிடுங்கள்.

நீர் மாதிரி எடுப்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மழைக்காலத்தில் ஓடை நிறைய ஓடும்போது எடுத்துவிட்டு, அறிக்கையை ஜனவரிக்கு வைத்துப் பார்க்கிறார்கள். பாசனம் நடப்பது ஓடை மெலிந்த ஜனவரி முதல் மார்ச் வரை, மாதிரியும் அப்போதுதான் எடுக்க வேண்டும். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் வாய் வரை நிரப்பி மூடுங்கள். ஒரு நாளுக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். தாமதித்தால் பைகார்பனேட் அளவு மாறிவிடும்.

துத்தநாகம் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு வாளி, ஜி.ஐ. பைப், தகரக் கூரையில் வழிந்த மழைநீர் எதுவும் மாதிரியில் படக் கூடாது. நம் ஊர் மெல்லிய, லேசாக அமிலமான நீர் அந்தப் பூச்சைக் கரைக்கும். புது ஜி.ஐ. பைப்பில் இரவு முழுக்கத் தேங்கிய நீரைக் காலையில் பிடித்தால், ஓடையில் இல்லாத துத்தநாகம் அறிக்கையில் இருக்கும். மண் மாதிரிக்கும் இதே விதிதான்: பிளாஸ்டிக் வாளியும் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியும் போதும், சலிக்க பித்தளைச் சல்லடை கூடாது.

மண்ணில் துத்தநாகம் எங்கே போகிறது

மண் கரைசலில் உள்ள துத்தநாகம், பி.எச். ஒரு அலகு கூடினால் நூறில் ஒரு பங்காகக் குறையும். அமில மண்ணில் கரையும் தன்மை அதிகம் என்பதால் குறை வராது என்று நினைப்பது இதனால்தான். ஆனால் நீலகிரி மண் பல்லாயிரம் வருட மழையில் கழுவப்பட்டது. அதில் மொத்த இருப்பே சொற்பம், இருப்பதிலும் ஒரு பகுதியை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மேல் நாமே செய்யும் கோளாறு, சுண்ணாம்பு. பார்லி அமிலத்தைத் தாங்காத தானியம். பி.எச். 5க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தடித்துக் கட்டையாக்கிவிடும். கோதுமையை விட பார்லிக்குத்தான் இந்த அடி பலமாக விழும். எனவே டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) போடத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு? அலுமினியத் தொல்லை பி.எச். 5.5ஐத் தாண்டினாலே அடங்கிவிடும். 5.8 வரை கொண்டுவந்தால் போதும், 6ஐத் தாண்ட வேண்டாம். புத்தகத்தில் பார்லிக்கு 6.5 முதல் 7.5 உகந்தது என்று இருக்கிறதே என்று ஒரே மூச்சில் டோலமைட்டைக் கொட்டினால், 5.8க்கும் 6.8க்கும் நடுவே துத்தநாகம் நூறு மடங்கு இறங்கும். டோலமைட்டை ஆய்வறிக்கை சொன்ன அளவில் பாதி இந்தப் போகம், மீதி அடுத்த போகம் என்று பிரித்துப் போடுங்கள். விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். வயலில் குவித்து வைத்துவிட்டு அப்புறம் இறைத்தால் குவியல் இருந்த வட்டத்தில் மட்டும் பயிர் வெளுத்து நிற்கும். அது நோய் என்று மருந்து அடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, பாஸ்பரஸ். இந்த மண் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உருளைக்கிழங்குக்கு மூட்டை மூட்டையாகப் போட்டுப் பழகிவிட்டோம். வருடங்கள் போகப் போக அது சேர்கிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் துத்தநாகத்தை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சை சுருங்கும். செடிக்குள்ளும் துத்தநாகம் ஓடுவது மந்தப்படும். உருளைக்குப் பின் வரும் பார்லிக்குப் பெரும்பாலும் டி.ஏ.பி. போன்ற பாஸ்பரஸ் உரம் தேவையே இருக்காது.

அதே உருளை வயலில் எதிர்த் திசையிலும் ஒன்று நடக்கிறது. பின் கருகலுக்கு அடிக்கும் மேன்கோசெப்பில் துத்தநாகம் இரண்டு சதவீதத்துக்கு மேல் உண்டு. ஹெக்டேருக்கு இரண்டு கிலோ வீதம் பத்து முறை அடித்தால் ஏறக்குறைய 350 கிராம் துத்தநாகம் மண்ணில் விழுகிறது. இருபது வருடம் உருளை கண்ட வயலில் துத்தநாகம் தேவைக்கு மேலேயே இருக்கலாம். தேயிலை எடுத்த நிலம், தரிசு, சீகை மரம் வெட்டிய நிலம் ஆகியவற்றில் இந்த வரவு இல்லை. ஆகவே பக்கத்து வயலுக்குப் போட்டதைப் பார்த்து இங்கேயும் போடுவது சரிவராது. டி.டி.பி.ஏ. என்ற ஆய்வக முறையில் மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகத்தைப் பரிசோதித்து, கிலோவுக்கு 0.6 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நிச்சயம் போடுங்கள். 0.6க்கும் 1.2க்கும் நடுவில் என்றால், சுண்ணாம்பும் பாஸ்பரஸும் மிகுந்த வயலுக்கு மட்டும் போடுங்கள். 1.2க்கு மேல் என்றால் மண்ணில் வேண்டாம், இலைத் தெளிப்பு போதும். பி.எச். 5க்குக் கீழே இருக்கும் மண்ணில் தேவையில்லாமல் போட்டால் அது நஞ்சாகவும் மாறும். இளந்தளிர் இரும்புக் குறை போல் வெளுக்கும்.

இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதானால், நடு வயது இலைகளில் நடு நரம்புக்கும் ஓரத்துக்கும் இடையே நீளவாக்கில் வெளிறிய பட்டை வரும், பிறகு அது பழுப்பாகிக் காயும். இலை நடுவில் மடிந்து தொங்கும். கணுவிடை குறுகிப் பயிர் குட்டையாகும். மெக்னீசியக் குறை அடி இலையில் தொடங்கும், மணிமணியாகப் பச்சை எஞ்சும், அமில மண்ணில் அது சகஜம். உறைபனி பட்ட இலையில் பட்டை குறுக்கே, வயல் முழுக்க ஒரே உயரத்தில் இருக்கும். சந்தேகமென்றால் புதிதாக விரிந்த இலையை ஆய்வுக்கு அனுப்புங்கள். கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைதான்.

உரம் போடும் அளவும் நேரமும்

கடையில் இரண்டு வகை ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) கிடைக்கும். பெரிய படிகமாக இருப்பதில் துத்தநாகம் 21 சதவீதம், மாவாக இருப்பதில் 33 சதவீதம். பையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மண்ணுக்கு 21 சதவீத வகை ஏக்கருக்குப் பத்து கிலோ, 33 என்றால் ஆறரைக் கிலோ. இருபது கிலோ மணலிலோ பொடித்த சாணத்திலோ கலந்து கடைசி உழவில் இறைத்து மண்ணோடு சேருங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் இவற்றோடு ஒரே கூடையில் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும். டோலமைட் போட்ட நாளிலும் வேண்டாம், இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். ஒருமுறை போட்டது இரண்டு மூன்று போகத்துக்கு நிற்கும். ஒவ்வொரு போகமும் போடுவது வீண்.

இந்தப் பத்து கிலோவில் துத்தநாகம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஏக்கருக்கு 1200 கிலோ மணி விளைந்து, கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஏறினாலும் மணியில் போவது 48 கிராம்தான். மண்ணில் போட்டது மகசூலைக் காப்பாற்றும். ஆனால் மணிக்குள் போகும் பங்கு மிகச் சிறியது. சாப்பிடுகிறவருக்குத் துத்தநாகம் வேண்டும் என்றால் இலைத் தெளிப்புதான் வழி, அதையும் கதிர் காலத்தில் செய்ய வேண்டும். தூர் கட்டும்போது தெளித்தால் இலையும் தண்டும் வாங்கிக்கொள்ளும், மணிக்குக் கொஞ்சம்தான் போகும்.

இரண்டு தெளிப்பு போதும். முதலாவது கண்ணாடி இலை (கதிருக்கு அடியில் வரும் கடைசி இலை) விரிந்து கதிர் பொதியில் இருக்கும்போது, இரண்டாவது மணியை நசுக்கினால் பால் வரும்போது. பத்து லிட்டர் டேங்குக்கு 21 சதவீத ஜிங்க் சல்பேட் 50 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 25 கிராம். சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்து, கடைசியில் சேர்க்க வேண்டும். கட்டியைப் போட்டால் நாசில் அடைக்கும். சுண்ணாம்பே இல்லாமல் அடித்தால் இலை நுனி கருகும். பால் பருவத்தில் சுண்ணாம்புக்குப் பதிலாக லிட்டருக்குப் பத்து கிராம் யூரியா சேர்க்கலாம், நைட்ரஜன் துத்தநாகத்தை மணிக்கு ஏற்ற உதவும். ஏற்கனவே கழிவு நீர் பாய்ந்த வயலுக்கு யூரியா வேண்டாம். பார்லி இலையில் மெழுகு அதிகம், நீர் உருண்டு ஓடும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மில்லி கட்டாயம். ஏக்கருக்கு இருநூறு லிட்டர் கரைசல், அதில் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்.

சமவெளியில் கரைசலை மாலையில் அடிக்கச் சொல்வார்கள். இங்கே ஜனவரி, பிப்ரவரியில் மாலை அடித்து இலை ஈரத்தோடு இரவைக் கண்டால், உறைபனி அந்த ஈரத்தின் மேலேயே படியும். காலையில் பனி உலர்ந்த பிறகு பத்து மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது நல்லது. பிற்பகல் மூடுபனி ஏறும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இன்னும் முன்னதாக முடிக்க வேண்டும். உறைபனி தேங்கும் பள்ளத்தில் பார்லியையே தவிர்த்து, காற்று வடியும் சரிவில் வையுங்கள். கதிர் வெளிவரும்போது உறைபனி பிடித்தால் எந்தத் துத்தநாகமும் அந்தக் கதிரைக் காப்பாற்றாது.

தெளிக்கும் நீரும் ஒரு பாசன நீர்தான். நம் ஓடை நீரில் ஜிங்க் சல்பேட் தெளிவாகக் கரையும். மலையடிவார ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்தால் வெண்மையாகக் கலங்குவது உண்டு. பைகார்பனேட் துத்தநாகத்தைக் கார்பனேட்டாக்கி அடியில் படிய வைக்கிறது. கலங்கினால் மழைநீருக்கு மாறுங்கள், அல்லது இப்படிப் படியாத ஈ.டி.டி.ஏ. வகைத் துத்தநாகம் வாங்குங்கள். அந்த நீரை வயலுக்கே பாய்ச்சும் நிலை இருந்தால் ஆர்.எஸ்.சி. (எஞ்சிய சோடியம் கார்பனேட்) பார்க்க வேண்டும். கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையில் கால்சியம், மெக்னீசியத்தைக் கழித்தால் வருவது அது. லிட்டருக்கு மில்லிஈக்விவலன்ட் என்ற அலகில் 1.25க்குள் நல்லது, 2.5க்கு மேல் ஆகாது. உதாரணமாக பைகார்பனேட் 7, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 4 என்றால் மீதி 3. அதில் ஒவ்வொரு அலகைக் குறைக்கவும், ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் சுமார் 17 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். நீலகிரியின் மேல்தட்டில் யாரும் இந்தக் கணக்குப் போட வேண்டியிருக்காது.

துத்தநாகம் மண்ணில் நீரோடு ஓடி வருவதில்லை. ஈரத்தின் வழியே மெல்ல மெல்லப் பரவித்தான் வேரைத் தொடும். உரம் இருப்பது மேல் பதினைந்து சென்டிமீட்டரில். கதிர் வந்த பிறகு "இனி தண்ணீர் எதற்கு" என்று நிறுத்தினால் அந்த அடுக்குதான் முதலில் காயும், வேர் கீழே தண்ணீரைத் தேடிப் போகும், மேலே துத்தநாகம் சும்மா கிடக்கும். கதிர் வெளிவரும்போது ஒரு தண்ணீர், பால் பருவத்தில் ஒரு தண்ணீர் விடாமல் கொடுங்கள். மாவு கெட்டிப்பட்டதும் நிறுத்துங்கள். நவம்பர் கடைசியில் விதைத்ததற்கு இந்த இரண்டும் பிப்ரவரி, மார்ச்சில் வரும், ஓடை மிக மெலிந்திருக்கும் நேரம். குட்டையில் சேர்த்து வைத்த நீரை இதற்கென்று ஒதுக்கிவிட்டு விதைப்பது புத்திசாலித்தனம்.

அறுவடைக்குப் பின் மணியை ஆய்வுக்கு அனுப்புகிறவர்கள் ஒரு எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாடிய பயிரின் மணியில் துத்தநாகம் கிலோவுக்கு அதிகமாகவே தெரியும், ஏனென்றால் மாவு குறைந்திருக்கும். ஆயிரம் மணி 40 கிராம் எடை, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்றால் அந்த ஆயிரம் மணியில் 1.2 மில்லிகிராம். சுருங்கிய மணி ஆயிரம் 30 கிராம், கிலோவுக்கு 38 என்றால் 1.14தான். எண் உயர்ந்தது, சரக்கு குறைந்தது. ஆயிரம் மணி எடையையும் ஏக்கர் விளைச்சலையும் பக்கத்தில் எழுதாமல் துத்தநாக எண்ணை மட்டும் படிக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய துத்தநாகம் இருப்பது கருவிலும், தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கிலும். கடையில் விற்கும் வெள்ளை முத்து பார்லி போல் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். உமியை மட்டும் நீக்கும் அளவுக்குத் தீட்டச் சொல்லுங்கள். மணியில் உள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிப்போடும், குடல் உறிஞ்ச விடாது. முளைகட்டினால் அது குறையும். முளைகட்டுவதற்குத் தீட்டாத முழு மணியைத் தனியாக எடுத்து வையுங்கள், கரு உடைந்தது முளைக்காது. பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, நடுவே ஒருமுறை நீரை வடித்துக் காற்றாட விட்டு, ஈரச் சாக்கில் பரப்புங்கள். சமவெளியில் இரண்டு நாளில் முளை தெரியும். ஊட்டிக் குளிரில் மூன்று நான்கு நாள் ஆகும், அடுப்பங்கரையின் சூட்டில் வைத்தால் சற்று முன்பே. தினம் இரண்டு முறை புரட்டிவிடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிவிட வேண்டும். முளை மணியின் நீளத்தில் பாதி வந்ததும் வெயிலில் காய வைத்து, லேசாக வறுத்து, முளையைத் தேய்த்து உதிர்த்து அரையுங்கள். உமியைச் சல்லடையில் சலித்து எடுத்துவிட்டால் கஞ்சி மாவு தயார்.